ஹைபிரிட் கெப் வாங்க முதல் ஒரு கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. டபுள் கெப்போ லொறியோ வாங்கும் எண்ணத்தில் இருக்கிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள். வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள், வாங்கப் போகிற மச்சானுக்கு அனுப்பிவிடுங்கள்.

2020 மார்ச்சில் மூடிய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தது. அன்றிலிருந்து தேத்தண்ணிக் கடை, பள்ளிவாசல் வாசல், கல்யாண வீடு எங்கே போனாலும் இதே பேச்சுத்தான். "பெரிய கெப்பிலும் இப்ப ஹைபிரிட் வருகுதாம், டீசல் பாதியாக் குறையுமாம்." என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் லீசிங் போடத் தயாராக நிற்கிறார்கள். ஒருவர் தாயின் நகையை வைத்து முற்பணம் கட்டப் போவதாகச் சொன்னார். "சேர், ஹைபிரிட் தானே, மிச்சம் பிடிக்கிற காசிலேயே கட்டி முடிச்சிடலாம்" என்றார்.

வட்டி பற்றி நான் இங்கே பேச வரவில்லை. அது உலமாக்கள் பேச வேண்டிய விடயம். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், அந்தப் பாடத்துக்குள் நின்றுதான் பேசுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹைபிரிட் நல்ல தொழில்நுட்பம். ஆனால் பாரம் ஏற்றும் வண்டிக்கு அது எப்போதும் இலாபம் தராது. இலாபமா நட்டமா என்பதை அந்த வண்டி தினமும் என்ன வேலை செய்கிறது என்பதுதான் தீர்மானிக்கும். அந்தக் கணக்கைப் போடாமல், பெயரை மட்டும் நம்பிக் கடனில் இறங்க வேண்டாம்.

இந்தச் சொல் ஏன் நம்மை இவ்வளவு இழுக்கிறது என்பது எனக்கு விளங்குகிறது. 2022ஐ நாம் மறக்கவில்லை. உள்துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் சீனக்குடாவில், வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்னும் நிற்கின்றன. அவற்றைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் இந்திய எண்ணெய்க் கம்பனியும் எப்படிப் பங்கிட்டு நடத்துவது என்று 2022 ஜனவரியில் ஒப்பந்தம் எழுதினார்கள். அதே வருடம் ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபா. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. தாங்கிகளைப் பார்த்துக்கொண்டே நாம் வரிசையில் படுத்தோம். பிறகு கியூஆர் முறை வந்தது, வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து தந்தார்கள். அந்த நாட்களில் நொந்தவனுக்கு "டீசல் குறையும்" என்ற வார்த்தை தேன்தான். அதனால்தான் அந்த வார்த்தையைச் சொல்லி விற்பவனிடம் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ஹைபிரிட் எப்படி எரிபொருளை மிச்சப்படுத்துகிறது? ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் இயக்கப்பாட்டுச் சக்தி இருக்கிறது. பிரேக் போட்டால் அந்தச் சக்தி வெப்பமாகி வீணாகிறது. ஹைபிரிட் வண்டியில், பிரேக் போடும்போது மின்மோட்டர் டைனமோ போல வேலை செய்து, அந்தச் சக்தியில் ஒரு பகுதியைப் பற்றரிக்குள் போடுகிறது. திரும்பப் புறப்படும்போது அதையே எடுத்துத் தள்ளுகிறது. அதோடு, வண்டி நிற்கும்போது இஞ்சினை நிறுத்திவிடும். ஊர்ந்து போகும்போது மோட்டரில் போகும். ஆக, மிச்சம் என்பது பெரும்பாலும் நிறுத்தங்களிலிருந்து வருகிறது. நிற்காமல் ஓடும் வண்டியில் மீட்டெடுக்க அதிகம் இல்லை.

இனிக் கணக்கு. ஒன்பதாம் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளும் இதைச் சரிபார்க்கலாம்.

பாரத்தோடு 5 தொன் நிறையுள்ள ஒரு சிறிய லொறி மணிக்கு 40 கிலோமீற்றரில் போகிறது. அதன் இயக்கப்பாட்டுச் சக்தி சுமார் 3 இலட்சம் ஜூல். நிறுத்தும்போது அதில் பாதி திரும்பிச் சக்கரத்துக்கு வருகிறது என்று தாராளமாகவே வைப்போம். அப்படியானால் ஒரு நிறுத்தத்துக்கு ஒன்றரை இலட்சம் ஜூல். ஒரு லீற்றர் டீசலில் ஏறக்குறைய 3 கோடியே 60 இலட்சம் ஜூல் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குதான், அதாவது சுமார் 1 கோடியே 20 இலட்சம் ஜூல்தான், இஞ்சினிலிருந்து வேலையாக வெளியே வரும். வகுத்துப் பாருங்கள். ஒரு லீற்றர் டீசலை மிச்சம் பிடிக்க 80 தடவை நிறுத்த வேண்டும்.

இதை நம் ஊரின் இரண்டு வண்டிகளுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, மத்திய வீதி, என்.சி. வீதி, அநுராதபுரச் சந்தி, உப்புவெளி என்று கடை கடையாகச் சாமான் இறக்கும் லொறி. கேஸ் சிலிண்டர், சோடா, மாவு, அரிசி. ஒரு நாளில் கடைகள், சந்திகள், குறுக்கே வரும் மாடு எல்லாம் சேர்த்து 160 நிறுத்தம் என்று வைப்போம். 2 லீற்றர் மிச்சம். சாமான் இறக்கும்போது சும்மா ஓடிக்கொண்டு நிற்கும் இஞ்சின் மணிக்கு அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை குடிக்கும். அதில் இன்னும் ஒரு லீற்றர் மிச்சம். ஆக நாளுக்கு 3 லீற்றர். மாதம் 25 நாள் ஓடினால் 75 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று கணக்குக்கு எடுத்தால் மாதம் 22,500 ரூபா.

இரண்டாவது, கொட்பேயில் மீன் ஏற்றிக்கொண்டு இரவோடிரவாகப் பேலியகொடைக்குப் போகும் லொறி. சுமார் 260 கிலோமீற்றர். கந்தளாய் தாண்டினால் ஹபறணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஒரே ஓட்டம். வேகம் கூட என்பதால் ஒரு நிறுத்தத்தில் கிடைக்கும் சக்தியும் கூடத்தான். மணிக்கு 70இல் ஓடும் 5 தொன் லொறியில் 9 இலட்சம் ஜூலுக்கு மேல் இருக்கிறது. ஆனால் அந்த இரவில் அப்படி எத்தனை தடவை முழுதாக நிறுத்துவீர்கள்? இருபது என்றே வைப்போம். அப்போதும் மிச்சம் ஒரு லீற்றருக்குக் குறைவு. போக வர 2 லீற்றர். மாதம் 12 பயணம் என்றால் 24 லீற்றர், அதாவது 7,200 ரூபா.

ஹைபிரிட் என்பதற்காக வண்டி விலையில் 15 இலட்சம் கூடுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டவுன் லொறி அந்தக் காசை ஐந்தரை வருடத்தில் மீட்டுவிடும். மீன் லொறிக்குப் பதினேழு வருடம் வேண்டும். அதற்குள் பற்றரியை ஒரு தடவையாவது மாற்ற வேண்டி வரும், வண்டியும் கைமாறியிருக்கும். உங்கள் வண்டியின் நிறுத்தங்களையும் உங்களுக்குச் சொல்லப்பட்ட விலையையும் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். விடை வேறாக வரலாம், செய்முறை மாறாது.

இது நான் கண்டுபிடித்த உண்மை அல்ல. ஜப்பான்காரன் இருபது வருடத்துக்கு முன்பே இதைத் தெரிந்துதான் செய்தான். ஹினோ கம்பனி 2003இல் டுட்ரோ என்ற சிறிய லொறியை ஹைபிரிட்டாக விட்டது. நாம் தெருவில் தினமும் காணும் கென்டர் லொறியிலும் 2006இல் ஹைபிரிட் வந்தது. இரண்டும் நகரத்துக்குள் நின்று நின்று சாமான் கொடுக்கும் வேலைக்கு ஏற்றவை. கார்களும் அப்படித்தான். கொழும்பு நெரிசலில் ஒரு பிரியஸ் மிச்சம் பிடிப்பது கண்கூடு. ஆனால் காரில் பார்த்ததை அப்படியே பாரம் இழுக்கும் கெப்புக்குக் கொண்டுவந்து பேசும்போதுதான் சறுக்குகிறோம்.

சரி, உலகத்தில் பெரிய கெப்களின் நிலை என்ன?

அமெரிக்காவில் ஃபோர்ட் எஃப்-150 கெப்புக்கு 2021இல் முழு ஹைபிரிட் வந்தது. டொயோட்டா டன்ட்ராவுக்கு 2022இல் வந்தது. இவை அங்கே நடுத்தரம். அதற்கு மேலே எஃப்-250, ராம் 2500 போன்ற உண்மையான பாரக் கெப்கள் இருக்கின்றன. 10 தொன் அளவில் பின்னால் கட்டி இழுக்கிற சாதி. அந்த வகுப்பில் கம்பனிகள் இன்றைக்கும் ஹைபிரிட்டை இறக்காமல் பெரிய டீசல் இஞ்சினையே நம்பி நிற்கின்றன. ஜெனரல் மோட்டர்ஸ் அதற்கு ஒரு படி கீழே உள்ள சில்வராடோவில் 2009 முதல் 2013 வரை ஹைபிரிட் விற்றுப் பார்த்தது. பெரிதாகப் போகவில்லை, நிறுத்திவிட்டது.

காரணத்தை மறுபடி கணக்கிலேயே பார்க்கலாம். எஃப்-150 ஹைபிரிட்டின் பற்றரி 1.5 கிலோவொட் மணி. அதாவது 54 இலட்சம் ஜூல். இழுவையோடு மொத்தம் 5 தொன் என்றால், அந்தப் பற்றரி முழுவதும் சேர்ந்து அந்தப் பாரத்தை நேர் உயரத்தில் சுமார் 108 மீற்றர் தூக்கும். அவ்வளவுதான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர். அங்கே மரக்கறி ஏற்றப் போகும் வண்டிக்கு மிச்ச ஏற்றம் முழுக்க இஞ்சின்தான், தீர்ந்துபோன பற்றரியையும் சுமந்துகொண்டு. ரம்பொடை இறக்கத்தில் திரும்பி வரும்போதும் அதே கதைதான். கொஞ்சத் தூரத்திலேயே பற்றரி நிரம்பிவிடும், பிறகு வழமையான பிரேக்தான். நீண்ட ஏற்றமும் நிறைந்த பாரமும் உள்ள வேலையில் சிறிய பற்றரிக்கு மூச்சு நிற்காது.

"அப்ப பெரிய பற்றரி போட்டால்?" என்று கேட்பீர்கள். போட்டிருக்கிறார்கள். 2024இல் சீனாவின் பிவைடி கம்பனி ஷார்க் என்ற கெப்பை விட்டது. மின்சாரத்தில் செருகி ஏற்றக்கூடிய, கிட்டத்தட்ட 30 கிலோவொட் மணி பற்றரியுள்ள ஹைபிரிட். பாரம் இல்லாமல் ஓடுவதற்கு அருமையான வண்டி. ஆனால் அவுஸ்திரேலியாவில் விற்கும்போது அதன் சுமை அளவு 790 கிலோ, இழுவை 2.5 தொன். அங்கே வழமையான டீசல் டபுள் கெப்கள் ஒரு தொன் அளவில் ஏற்றி 3.5 தொன் இழுக்கின்றன. பற்றரியும் பாரம்தானே. அதைச் சுமக்கிற வண்டி உங்கள் நெல் மூட்டையைக் குறைத்துத்தான் ஏற்றும்.

இன்னொரு செய்தி. டொயோட்டா ஹைலக்ஸில் இப்போது 48 வோல்ற் முறை வருகிறது. சிறிய மோட்டர், 12 கிலோவொட். இஞ்சினுக்குக் கை கொடுக்கும், தனியாக வண்டியை ஓட்டாது. அது 3.5 தொன் இழுவையை விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் எரிபொருள் மிச்சமும் சிறிதுதான். அவுஸ்திரேலியாவில் டொயோட்டாவே அதை ஹைபிரிட் என்ற பெயரில் விற்கவில்லை, வேறு பெயர் வைத்திருக்கிறது. செய்தவனே ஹைபிரிட் என்று சொல்லத் தயங்கும் பொருளை, நம் ஊர்த் தரகர் "ஹைபிரிட் கெப்" என்று கூவி விற்றால் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். 48 வோல்ற் உதவி, முழு ஹைபிரிட், செருகி ஏற்றும் ஹைபிரிட் என்று மூன்று வேறு சாமான்கள் ஒரே பெயரில் சந்தைக்கு வருகின்றன. எது என்று கேட்காமல் விலை பேச வேண்டாம்.

இப்போது மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெரிய கெப்பில் ஹைபிரிட்டுக்கு ஒரு வேலை இருக்கிறது, அதைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. அது மின்சாரம்.

எஃப்-150 ஹைபிரிட்டின் பின்பெட்டியில் உள்ள செருகிகளிலிருந்து 7.2 கிலோவொட் வரை மின்சாரம் எடுக்கலாம். 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் பனியில் உறைந்து மின்சாரம் நின்றபோது, சிலர் இந்தக் கெப்பிலிருந்து வயர் இழுத்து வீட்டுக்கு வெளிச்சமும் சூடும் எடுத்தார்கள். இதை நம் ஊருக்கு வைத்துப் பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல், மகாவலி பெருகி மூதூர்ப் பக்கம் வெள்ளம். அப்படியான நாட்களில் இன்சுலின் வைத்திருக்கும் குளிர்சாதனப் பெட்டி, இடம்பெயர்ந்தவர்கள் தங்கும் பாடசாலையின் தண்ணீர் மோட்டர், நூறு பேரின் போனுக்குச் சார்ஜ், இவற்றுக்கெல்லாம் 7 கிலோவொட் என்பது பெரிய விடயம்.

"அதுக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர் போதாதா?" போதும். தனி மனிதனுக்கு அதுதான் மலிவு. வீட்டில் வெளிச்சம் வேண்டும் என்பதற்காக யாரும் கெப் வாங்க வேண்டாம். ஆனால் அரச அலுவலகங்கள் எப்படியும் டபுள் கெப் வாங்குகின்றன. 2026 வரவுசெலவுத் திட்டத்தின்போதும் அது பற்றிப் பெரிய வாதம் நடந்தது. யாருக்கு எத்தனை கெப் என்றுதான் எல்லோரும் சண்டை பிடித்தார்களே தவிர, எந்த வேலைக்கு எந்த மாதிரிக் கெப் என்று அதிகம் பேர் கேட்கவில்லை. பிரதேச செயலகத்தின் கெப் பெரும்பாலும் பாரம் ஏற்றுவதில்லை. டவுனுக்குள் ஓடி ஓடி நிற்கிறது, அதிகாரி இறங்கி வரும்வரை ஏசிக்காக இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. அனர்த்தம் வந்தால் முதலில் போவதும் அந்தக் கெப்தான். ஹைபிரிட்டுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை இந்த மாவட்டத்தில் இல்லை. மின்சாரம் வெளியே எடுக்கக்கூடிய ஹைபிரிட் கெப் வேண்டும் என்று கேட்க வேண்டியது அங்கேதான். தாயின் நகையை அடகு வைத்து நெல் ஏற்றப் போகிற பிள்ளையின் தலையில் அதைக் கட்டக் கூடாது.

நாளைக்கு இந்தக் கணக்கு மாறலாம். அமெரிக்காவில் ராம் கம்பனி வேறொரு வழியில் போகிறது. சக்கரத்தை முழுக்க மோட்டர்தான் சுற்றும், இஞ்சின் மின்சாரம் உண்டாக்க மட்டும். பற்றரி விலையும் எடையும் குறையக் குறைய, பாரக் கெப்புக்கும் ஒரு நாள் அது கட்டுப்படியாகும். சம்பூரில் 120 மெகாவொட் சூரிய மின் நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்கம் வைத்தார்கள். வெயிலில் வரும் மின்சாரத்தைப் பகலில் வண்டிக்கு மலிவாகத் தரும் காலம் வந்தால் செருகி ஏற்றும் கெப்பின் கணக்கு முழுதாகவே மாறிவிடும். அப்போது வாங்குவோம். ஆனால் லீசிங் தவணை நாளைய கணக்கைப் பார்க்காது, இந்த மாதம் பத்தாம் திகதி வந்து நிற்கும்.

திருத்த வேலை பற்றியும் ஒரு வார்த்தை. ஹைபிரிட் வண்டியில் செம்மஞ்சள் நிற வயர் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். அதில் இருப்பது 12 வோல்ற் அல்ல, நூற்றுக்கணக்கான வோல்ற். தொட்டால் ஆள் போய்விடும். நம் பிள்ளைகள் ஓ.எல். முடித்துவிட்டுக் கராஜில் பார்த்துப் பழகியே நல்ல பாஸ் ஆகிறார்கள், அது பெருமைதான். ஆனால் இந்த வேலையைப் பார்த்துப் பழக முடியாது, படித்துத்தான் பழக வேண்டும். ஏ.எல். தொழினுட்பப் பிரிவு, தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி நிலையங்கள் என்று வழிகள் இருக்கின்றன. பெற்றோரே, கராஜுக்குப் போக ஆசைப்படும் பிள்ளையைத் திட்டாதீர்கள். சான்றிதழோடு போகச் சொல்லுங்கள். இன்னும் பத்து வருடத்தில் இந்த வண்டிகள் பழசாகி நம் ஊருக்குத்தான் வந்து சேரும். அன்றைக்கு வண்டியைக் கொழும்புக்கு ஏற்றி அனுப்பாமல் இங்கேயே திருத்துகிற கை நம்மிடம் இருக்க வேண்டும்.

கடைசியாக, வாங்கப் போகிறவர்கள் ஒரு கொப்பியை எடுங்கள். ஒரு கிழமைக்கு உங்கள் இப்போதைய வண்டியில், அல்லது வாடகைக்கு ஓடும் வண்டியில், இவற்றைக் குறியுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை முழுதாக நிறுத்துகிறீர்கள்? எத்தனை மணித்தியாலம் இஞ்சின் சும்மா ஓடுகிறது? எவ்வளவு பாரம், எத்தனை கிலோமீற்றர்? பிறகு விற்பவரிடம் கேளுங்கள். இது எந்த வகை ஹைபிரிட்? ஏற்றும் அளவு எத்தனை கிலோ, இழுக்கும் அளவு எவ்வளவு? பற்றரிக்கு எழுத்தில் எத்தனை வருட உத்தரவாதம்? மாற்ற என்ன விலை, எந்த ஊரில் மாற்றலாம்? நேரான பதில் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

டவுனுக்குள் சாமான் கொடுக்கிறவர் என்றால், ஹைபிரிட் லொறியைத் தாராளமாக யோசியுங்கள், உங்களுக்கு அது பொருந்தும். மீன், நெல், மணல், மரக்கறி என்று நீண்ட தூரம் நிறைபாரம் ஓடுகிறவர் என்றால், ஒழுங்காகச் சேர்விஸ் செய்த நல்ல டீசல் வண்டிதான் இன்றைக்கு உங்களுக்கு இலாபம். ரயர் காற்றைச் சரியாக வைத்து, அளவுக்கு மேல் ஏற்றாமல், 70ஐத் தாண்டாமல் ஓடினாலே அந்த 2 லீற்றர் மிச்சமாகும். அதற்கு 15 இலட்சம் கடன் தேவையில்லை.

லொறி ஓடுகிற சகோதரர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு உங்கள் வண்டி எத்தனை லீற்றர் குடிக்கிறது, டவுனுக்குள் எத்தனை? உண்மையான எண்கள் கிடைத்தால் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டு இங்கேயே பகிர்கிறேன், இன்ஷா அல்லாஹ். அடுத்த தடவை லீசிங் கடிதத்தில் கையொப்பம் வைக்கிறவருக்கு அது உதவட்டும்.